வெறும் மணல் தட்டில் உயிர் குடியேறுவதைப் பார்ப்பது எப்படி?

என் முதல் தட்டை அம்மா கெடுத்தார். இரண்டாவதை எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் திரியும் பூனை கெடுத்தது. மூன்றாவதுதான் தேறியது. இதைப் படித்துவிட்டு ஆரம்பித்தால் உங்களுக்கு முதல் தட்டே தேறிவிடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

செய்யப்போவது இவ்வளவுதான். உயிர் எதுவும் இல்லாத மணலை ஒரு தட்டில் பரப்பி, சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில் வைத்துவிட்டு, ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டும். விதை போடக் கூடாது, உரம் போடக் கூடாது. யார் வருகிறார்கள், எந்த வரிசையில் வருகிறார்கள், வந்து எதைச் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. பனியாறுகள் உருகிப் பின்வாங்கும் இடங்களில் பல பத்தாண்டுகளாக நடப்பதன் குட்டிப் பதிப்பு இது. ஃபிரீசரைத் திறந்தால் மட்டுமே பனியைப் பார்க்கும் நமக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

முதலில், அங்கே என்ன நடக்கிறது

மலைமேல் ஆண்டாண்டாக விழும் பனி இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல நகர்வதுதான் பனியாறு. செய்திகளில் பனிப்பாறை என்பார்கள். நகர்கிறது என்பதுதான் இதில் முக்கியம் என்பதால் நான் பனியாறு என்றே எழுதுகிறேன். நகரும்போது அது அடியில் இருக்கும் பாறையை அம்மி போல அரைக்கும். உருகிப் பின்வாங்கும்போது கல்லையும் சல்லியையும் மாவு மாதிரியான பாறைத்தூளையும் விட்டுவிட்டுப் போகும். அதில் மக்கிய இலைதழை கிடையாது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஏறக்குறைய இல்லை. மணிச்சத்தான பாஸ்பரஸ் இருக்கும், ஆனால் பாறைத் துகளுக்குள் பூட்டிக் கிடக்கும்.

அந்த நிலத்தில் ஒரு வசதி உண்டு. பனி விளிம்புக்குப் பக்கத்தில் இருப்பது போன வருடம் வெளியே வந்த தரை. கீழே நடக்க நடக்கத் தரைக்கு வயது கூடும். ஒரு மணி நேர நடையில் நூறு வருடத்தைக் கடந்துவிடலாம். காத்திருக்க வேண்டிய காலத்தை நடந்தே பார்க்க முடிவதால்தான் ஆய்வாளர்கள் அங்கே போகிறார்கள்.

அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடா இதற்குப் பேர் போனது. 1794இல் ஆங்கிலேயக் கடற்பயணி வான்கூவரின் கப்பல் குழு அந்தப் பக்கம் போனபோது விரிகுடாவை ஏறக்குறைய முழுவதுமாகப் பனி அடைத்திருந்தது. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் போனபோது பனி பல பத்துக் கிலோமீட்டர் உள்ளே போயிருந்தது. 1916இல் வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் அங்கே 1 சதுர மீட்டர் அளவில் சில கட்டங்களைக் குறித்துவைத்தார். நூறு வருடம் கழித்தும் ஆய்வாளர்கள் அதே கட்டங்களைத் தேடிப் போய் அளந்திருக்கிறார்கள். நம் தட்டு அந்தக் கட்டத்தின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

மணலைச் சுத்தமாக்குவது

அக்வேரியம் கடையில் மீன் தொட்டிக்குப் போடும் வெள்ளை மணல் கிடைக்கும். 3 கிலோ போதும். செடிக்கடையில் விற்கும் தொட்டி மண் வேண்டவே வேண்டாம், அது ஏற்கெனவே உயிரால் நிறைந்தது. கடற்கரை மணலிலும் பூங்கா மண்ணிலும் கை வைக்காதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் இடங்களில் அனுமதி இல்லாமல் எதையும் எடுத்து வரக் கூடாது என்பது ஒரு காரணம். கடல் மணலில் உப்பு இருக்கும் என்பது இன்னொன்று.

மணலை ஐந்தாறு தடவை அலசுங்கள், நீர் தெளியும் வரை. அப்புறம் பிரஷர் குக்கர். ஆய்வுக்கூடத்தில் பாத்திரங்களைக் கிருமி நீக்கம் செய்யும் இயந்திரமும் நம் குக்கரும் ஒரே தத்துவம்தான். அழுத்தத்தில் நீராவி சுமார் 120 டிகிரிக்குப் போகிறது. வெறும் கொதிநீரில் சாகாத பாக்டீரியா வித்துகள் அதில்தான் சாகும். ஈர மணலை எவர்சில்வர் டப்பாக்களில் பாதி அளவுக்குப் போட்டு, மேலே அலுமினியத் தாளால் மூடி, இட்லி வேகவைப்பதுபோல அடியில் தண்ணீர் ஊற்றி, விசில் வந்தபின் அடுப்பைக் குறைத்து 45 நிமிடம் வையுங்கள். அந்தத் தாளை மறந்துவிடாதீர்கள். ஒரு மணல் துகள் போய் வெயிட் துளையை அடைத்தால் வம்பு. தண்ணீரையும் தாராளமாக ஊற்றுங்கள், 45 நிமிடம் குக்கருக்கு நீண்ட நேரம்.

ஆறிய பிறகு ஒரு கைப்பிடி மணலைச் சுத்தமான கண்ணாடி ஜாடியில் போட்டு, கொதித்து ஆறிய நீர் இரண்டு கரண்டி விட்டு, இறுக மூடித் தனியாக வையுங்கள். அது சாட்சி. தட்டில் பச்சை படர்ந்து ஜாடி வெள்ளையாகவே இருந்தால், வந்ததெல்லாம் வெளியிலிருந்து வந்தது என்று சொல்லலாம். ஜாடியும் பச்சையானால் குக்கர் வேலை சரியில்லை, திரும்ப ஆரம்பியுங்கள்.

தட்டும் இடமும்

அடியில் ஓட்டை போட்ட, ஆழமில்லாத பிளாஸ்டிக் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 40க்கு 30 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. மணல் 4 விரல் உயரம் இருக்கட்டும். தட்டின் அடியில் இன்னொரு தட்டு வைக்கவே கூடாது. அங்கே தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டை போடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வந்து டார்ச் அடித்துப் பார்க்கும்போது, நான் மண்ணியல் ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால் அபராதம் குறையாது.

தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பது தீயணைப்பு விதி. உங்கள் தாழ்வாரம் குறுகலாக இருந்தால் ஜன்னலை ஒட்டி உள்பக்கம் வையுங்கள், வேகம் குறையும், அவ்வளவுதான். கைப்பிடிச் சுவரின் மேல் வைக்கும் எண்ணமே வேண்டாம். பத்து மாடிக் கீழே யார் போகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. சாரல் படும், காலை வெயில் மட்டும் விழும் இடம் உத்தமம். மதிய வெயில் நேராக அடித்தால் மணல் சுட்டுவிடும்.

பூனைக்கு வழி செய்யாமல் வைக்காதீர்கள். மணல் நிறைந்த தட்டைப் பார்த்தால் பூனைக்கு என்ன தோன்றும் என்று நான் யோசிக்கவில்லை, அது யோசித்தது. கோழி வலையை வளைத்து மேலே கூடுபோல் கவிழ்த்துவிடுங்கள். காற்றும் பூச்சியும் உள்ளே போகும், பூனை போகாது.

பூனை செய்ததை அறிவியலோடு சேர்த்துச் சொல்வதானால், அதுவும் இயற்கையில் நடப்பதுதான். ஐஸ்லாந்து பக்கத்தில் 1963இல் எரிமலை வெடித்துக் கடலிலிருந்து எழுந்த சுர்ட்சி தீவில் இருபது வருடமாகச் செடிகள் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தன. 1980களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின. எச்சம் விழுந்த இடமெல்லாம் புல் மண்டிவிட்டது. ஆனால் அது நாம் பார்க்க வந்த கதையின் பிந்தைய அத்தியாயம்.

கை வைக்காமல் இருப்பது

இதுதான் மொத்தத்தில் கடினமான படி. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மாவால் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "ரெண்டு வெந்தயமாவது தூவேண்டி" என்றார். நான் ஆபீஸ் போன நேரத்தில் தினமும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியிருக்கிறார். நான்காம் நாள் மணல் வழவழ என்றானது, ஆறாம் நாள் புளித்த வாடை, எட்டாம் நாள் குட்டிக் கருப்பு ஈக்கள். அம்மாவின் கணக்குப்படி அது வெற்றி.

நம் கணக்குப்படி ஏன் தோல்வி? கஞ்சித் தண்ணீரில் மாவுச்சத்து வந்துவிட்டது. சாப்பாடு தயாராக இருந்தால் சாப்பிடுகிறவர்கள் ஓடி வருவார்கள். சாப்பாடே இல்லாத இடத்தில் முதலில் வருகிறவர் எப்படிப் பிழைக்கிறார் என்பதல்லவா கேள்வி. அதனால் மழைச்சாரல் விழுந்தால் சரி. ஒரு வாரம் சாரலே இல்லை என்றால் சுத்தமான கிண்ணத்தில் பிடித்த மழைநீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளியுங்கள். வேறு எதுவும் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தட்டில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

முதல் மாதம்: ஒன்றுமில்லை என்று தோன்றும்

நூலை இழுத்துக் கட்டித் தட்டை 12 கட்டங்களாகப் பிரியுங்கள். ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் மூன்று வாரம் நான் எழுதியது இதுதான்: தூசி, தலைமுடி, செத்த எறும்பு இரண்டு, மழைக்கு மறுநாள் ஈசல் சிறகு ஏழு.

குப்பை என்று ஊதிவிடாதீர்கள், அதுதான் கதை. பள்ளிக்கூடப் பாடத்தில் முதலில் செடி, பிறகு செடியைத் தின்னும் பூச்சி, அதன்பின் பூச்சியைத் தின்னும் சிலந்தி என்று படித்திருப்போம். பனி விலகிய தரையில் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் பனியாறு ஒன்றின் முன் ஆய்வு செய்தவர்கள், செடி வேர் பிடிக்கும் முன்பே சிலந்தி வந்துவிடுவதைக் கண்டார்கள். காற்று கொண்டுவந்து போடும் கொசு போன்ற சிறு பூச்சிகள்தான் அதற்கு உணவு. அந்தப் பூச்சிகளின் உடலும் சிலந்தியின் கழிவும் வெற்றுத் தரைக்கு விழும் முதல் உரம்.

நார்வேயில் ஹார்டாங்கர்யோக்குலன் என்ற பனியாற்றின் முன்னால் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே உயிரோடு ஓடிக்கொண்டிருந்த வண்டுகளைக் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்பினால், பல நூறு வருடம் பழமை என்று வந்தது. பனிக்கடியில் புதைந்திருந்த பழைய கரிமம் உருகு நீரோடு குட்டைக்கு வர, அதைக் கொசு போன்ற சிறு பூச்சிகளின் புழுக்கள் தின்ன, இறக்கை முளைத்த அந்தப் பூச்சியை வண்டு தின்ன, கணக்கு அப்படிக் காட்டியிருக்கிறது. நேற்றுப் பிறந்தது, பாட்டன் காலத்துச் சோற்றைத் தின்று வளர்ந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் எரிமலைத் தீவான கிரக்கத்தோவா வெடித்த சத்தம் சிங்கப்பூர் வரை கேட்டது. தீவில் உயிர் எல்லாம் சாம்பலுக்கு அடியில் போயிற்று. 1884 மே மாதம் அங்கே இறங்கிய பிரெஞ்சுக்காரர் எட்மண்ட் கோத்தோ தேடித் தேடிப் பார்த்ததில் அகப்பட்டது ஒரே ஓர் உயிர், மிகச் சிறிய சிலந்தி. அது வலை பின்னிக்கொண்டிருந்ததாம்.

என் தட்டுக்கு முதலில் வந்தவரும் அவர்தான். 24ஆம் நாள், அரிசி அளவு குதிக்கும் சிலந்தி ஒன்று, 7ஆம் கட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, படம் எடுத்த கையைத் தலையைத் திருப்பிப் பார்த்தது.

இரண்டாம், மூன்றாம் மாதம்: பல்குச்சிச் சோதனை

இனிமேல் தட்டின் ஓரங்களைக் கவனியுங்கள். நிழலும் ஈரமும் தங்கும் இடத்தில் மணல் லேசாக அழுக்குப் பச்சை நிறம் காட்டும். என் தட்டில் ஏழாவது வாரம் வந்தது. ஒரு பல்குச்சியை அதன் ஓரத்தில் நுழைத்து மிக மெதுவாக மேலே தூக்குங்கள். வெறும் மணல் என்றால் உதிரும். இது உதிராது. பத்துப் பதினைந்து மணல் துகள்கள், கண்ணுக்குத் தெரியாத நூலில் கோத்த மாதிரி, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு தொங்கும். செல்பேசியில் மாட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் நூல் தெரியும், பச்சை இழைகள்.

அது பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசி. பெயரில் பாசி இருந்தாலும் பாக்டீரியாவைச் சேர்ந்தது. வெயிலை வைத்துத் தனக்குத் தானே சமைத்துக்கொள்ளும். அதில் பல வகைகள் காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கும். சுற்றிலும் பசை சுரந்து துகள்களை ஒட்டும், அந்தப் பசை ஈரத்தையும் பிடித்துவைக்கும். சமையல், உரம், சிமெண்டு மூன்றையும் ஒரே ஆள் பார்க்கிறது. பெருவில் 5000 மீட்டர் உயரத்தில் உள்ள பூக்கா பனியாற்றின் முன், பனி விலகி நான்கைந்து வருடத்திலேயே, செடி ஒன்றுகூட இல்லாத தரையில் நீலப்பச்சைப்பாசி வகைகள் பெருகி நைட்ரஜனையும் பிடித்துக்கொண்டிருந்ததை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் கற்குவியல்தான்.

அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆவது நமக்கு வாரக்கணக்கில் ஆவதற்கு நம் சூடும் ஈரமும்தான் காரணம். ஆர்க்டிக் பக்கம் வருடத்தில் பெரும்பாதி தரையைப் பனி மூடிக் கிடக்கும், வளரக் கிடைப்பது சில வாரம். அதோடு நம் தாழ்வாரத்தைச் சுற்றி மரமும் பூந்தொட்டியுமாக வித்துகள் பறந்துகொண்டே இருக்கின்றன. அதனால் வேகத்தை ஒப்பிடாதீர்கள், வரிசையை மட்டும் ஒப்பிடுங்கள். வரிசையும் அச்சாக ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பாக்டீரியாவும் பூஞ்சையும் கண்ணுக்குப் படாமல் இன்னொரு வேலை செய்யும். அமிலம் சுரந்து பாறைத் துகளை அரித்து, உள்ளே பூட்டிய பாஸ்பரஸை வெளியே எடுக்கும். மீன் தொட்டி மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அரித்தாலும் அதில் ஒன்றும் கிடைக்காது. வசதி இருந்தால் இரண்டாவது தட்டில் மணலோடு கிரானைட் தூளைக் கலந்து வையுங்கள். எது முந்துகிறது என்று பந்தயம் கட்டலாம்.

நான்காம் மாதம்: துள்ளுகிறவர்களைப் பிடிப்பது

பச்சை பரவியபின் ஒரு நாள், ஈர மணலை ஊதினால் வெள்ளைப் புள்ளிகள் துள்ளும். ஸ்பிரிங்டெயில் என்பார்கள். மில்லிமீட்டர் அளவு, இறக்கை இல்லை. வயிற்றுக்கு அடியில் மடக்கிவைத்த கவை ஒன்றைத் தட்டித் துள்ளும். பாசியையும் பூஞ்சையையும் மேயும். தோல் நீரை ஒட்டாது என்பதால் நீரில் மிதந்தே ஊர் மாறும், காற்றிலும் பறந்து போகும். நார்வேயில் பனி விலகிய சில வருடத்திலேயே இவை வந்துவிடுகின்றன. மண்ணில் வாழும் மைட்டுகள், சிலந்திக்குத் தூரத்து உறவு, பொதுவாக மெதுவாக வரும். மண்புழு கடைசிப் பந்தி.

பிடிக்க ஒரு புனல் செய்வோம். தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டித் தலைகீழாகக் கீழ்ப்பாதியில் செருகுங்கள். வாயில் கொசுவலைத் துண்டு, அதன்மேல் இரண்டு கரண்டி மணல். அடியில் ஈரமான கறுப்புத் தாள். மேலே வெளிச்சம். மண் மேலிருந்து காயக் காய, உயிர்கள் கீழே ஓடி, வலை வழியாகத் தாளில் விழும். இணையத்தில் எல்லோரும் மேசை விளக்கு வை என்பார்கள். எல்இடி விளக்கு சூடாவதில்லை, இரண்டு நாள் வைத்து நான் ஏமாந்தேன். பழைய ஹாலோஜன் விளக்கு இருந்தால் ஓர் இரவு போதும், இல்லையென்றால் எல்இடியோடு மூன்று நாள் பொறுங்கள். கறுப்புத் தாளில் வெள்ளை உடம்பு பளிச்சென்று தெரியும். பார்த்துவிட்டுத் தட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இந்தக் கட்டத்திலிருந்து கையுறை போடுங்கள். நம் ஊர் மண்ணிலும் நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா உண்டு, அடைமழைக்குப்பின் நோய் கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம், நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு எது? தட்டில் அது வரும் வாய்ப்பு குறைவு என்றாலும் கையில் வெட்டுக்காயத்தோடு மண்ணைத் தொட வேண்டாம். இந்த நோயை முதலில் விவரித்து எழுதியவர்கள் 1912இல் ரங்கூனில் வேலை செய்த ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும். இரண்டாவது பெயரை நம்மவர்கள் அதிகம் சொல்வதில்லை.

நடுவில் ஒரு ஞாயிறு: சவுக்குத் தோப்பு

தட்டில் மரம் வளர்க்க முடியாது. அந்த அத்தியாயத்தைப் பார்க்க ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போங்கள். 1966இல் தொடங்கிய கடல் தூர்ப்பில் உருவான நிலம் அது. ஒரு காலத்தில் வெறும் மண்மேடு. அங்கே நிற்கும் சவுக்கு மரத்தின் வேரில் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா முடிச்சுப் போட்டுக் குடியிருந்து காற்று நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். கிளேசியர் விரிகுடாவில் பாறைத்தூளின்மேல் புதராக மண்டும் ஆல்டர் செடியின் வேரிலும் இதே ஃபிராங்கியாதான். அங்கே ஆல்டர் இலை விழுந்து மக்கி, சில பத்தாண்டுகளில் மண்ணின் கார அமில அளவு (pH) சுமார் 8இலிருந்து 5 வரை இறங்கியது. அதன்பிறகு அந்த மண்ணில் ஸ்புரூஸ் மரம் ஓங்கியது. சவுக்கு ஊசிகள் மெத்தை போல் கிடக்கும் இடத்தில் குனிந்து, ஊசிகளைச் சற்றே ஒதுக்கி, மேலே காய்ந்தது, நடுவே நைந்தது, அடியே கறுத்தது என்று மூன்று அடுக்கைப் பாருங்கள். தோண்ட வேண்டாம், பழையபடி மூடிவிடுங்கள்.

உலகம் முழுவதும் 46 பனியாறுகளின் முன்னால் மண்ணை எடுத்து, அதில் கிடக்கும் டிஎன்ஏவை வைத்து யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்த ஆய்வு 2024இல் வந்தது. முதல் சில பத்தாண்டுகளில் நுண்ணுயிர் வகைகள் வேகமாகக் கூடுகின்றன. செடிகளும் விலங்குகளும் வகைவகையாகப் பெருகுவது அதற்குப் பிறகு. வழிதவறி முதலில் வரும் சிலந்தி வேறு, குடும்பத்தோடு குடியேறுவது வேறு.

ஆறாம் மாதம்: தட்டை என்ன செய்வது

இதற்குள் ஓரத்தில் பாசி மெத்தை, ஒரு பெரணிக் குஞ்சு, வடிகால் விரிசலில் முளைக்குமே அந்தப் பொடி இலைச் செடி, எறும்பு வரிசை எல்லாம் வந்திருக்கும். சாட்சி ஜாடியைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள்.

கொட்டிவிடாதீர்கள். புதிதாகக் குக்கரில் வைத்த மணலை இன்னொரு தட்டில் பரப்பி, நடுவில் நூல் கட்டி, ஒரு பாதியில் மட்டும் பழைய தட்டின் பச்சை மண்ணை ஒரு கரண்டி தூவுங்கள். மறு பாதியை அப்படியே விடுங்கள். என்னுடையதில் தூவிய பாதி மூன்றாம் வாரமே பச்சை பிடித்தது, மறு பாதி இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. வீடியோ அழைப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உறை ஊத்தியிருக்கேன்னு சொல்லு" என்றார்.